வாக்குச் சீட்டுக்கு முந்திய வாக்கு

தேர்தல் முடிந்ததும், “யார் வென்றார்?” என்று கேட்கிறோம். “அவரை நிறுத்தியவர் யார்?” என்று கேட்பவர் நம்மில் மிகச் சிலரே. நானும் அக்கேள்வியைக் கேளாதவனாகவே இருந்தேன்.

சென்ற ஆண்டு விடுதி மாணவர் குழுவின் செயலாளர் பதவிக்கு நிற்க எண்ணிப் பெயர் கொடுத்தேன். அன்றிரவே மூத்த மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “தம்பி, இந்த முறை இன்னார் என்று முடிவாகிவிட்டது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று அன்பாகவே சொன்னார். முடிவு செய்தவர் யார், எங்கே, எப்போது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரைத் திரும்பப் பெற்றேன். தேர்தல் நாளன்று இருந்தது ஒரே பெயர். எல்லோரும் கைதட்டித் தேர்ந்தெடுத்தோம். நானும் கைதட்டினேன்.

விடுமுறையில் என் பெரியப்பா மகளிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். அக்காள் சிட்னி நகரின் மேற்குப் புறத்தில் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கிறவர். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். அவர் சிரித்தார். “இங்கேயும் அதே கதைதான், தம்பி. நான் ஓட்டுப் போடுவதற்கு முன்பே எனக்காக யாரோ ஓட்டுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு தடவை நாங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை” என்றார். அந்த “ஒரு தடவை” என்னவென்று அறியப் புகுந்ததே இக்கட்டுரை.

நண்பர்களே, ஆஸ்திரேலியாவைத் தேர்தல் முறையில் தேர்ந்த நாடு என்பர். 1918 முதல் அங்கே விருப்ப வரிசை வாக்குமுறை உண்டு. வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என வரிசை எண் இடவேண்டும். 1924 முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்களிப்பது கட்டாயம். தக்க காரணமின்றி வராதவர் அபராதம் கட்டவேண்டும். வாக்குச் சீட்டு எப்படி இருக்க வேண்டும், எப்படி எண்ண வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. ஆனால் சீட்டில் யார் பெயர் ஏறவேண்டும் என்பதைக் கட்சிகளே தம் விதிப்படி முடிவு செய்கின்றன. இதனைப் ‘பிரிசெலெக்ஷன்’ என்பர். நாம் ‘முன்தேர்வு’ எனலாம். கட்சி என்பது சிலர் தாமாகக் கூடிய சங்கம். அதன் உள்விதிகளை நிலைநாட்டுவது பொதுவாக நீதிமன்றத்தின் வேலையன்று என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1934-இல் ஒரு வழக்கில் கூறியது. பிற்காலத்தில் நீதிமன்றங்கள் சிற்சில வழக்குகளில் உட்புகுந்தனவெனினும், முன்தேர்வு இன்றும் பெரும்பாலும் கட்சியின் வீட்டு விவகாரமே.

நான் இரசாயனம் பயில்பவன். பல படிகளில் நடக்கும் ஓர் இரசாயன மாற்றத்தில் எல்லாப் படிகளும் ஒரே மதிப்புடையன அல்ல. எந்தப் படி மிக மெதுவோ அதுவே முழு மாற்றத்தின் வேகத்தையும் தீர்மானிக்கும். தேர்தலிலும் அத்தகைய படி ஒன்றுண்டு. ஒரு கட்சி தொடர்ந்து பெருவாரியாக வெல்லும் தொகுதியைப் ‘பாதுகாப்பான தொகுதி’ என்பர். அங்கே பொதுத் தேர்தல் வெறும் சடங்கு. தீர்மானிக்கும் படி முன்தேர்வே.

அந்தப் படியில் நிற்பவர் எத்தனை பேர்? சிட்னியின் வடபுறத்து மக்கெல்லர் லிபரல் கட்சியின் பாதுகாப்பான தொகுதியாக இருந்தது. பிரான்வின் பிஷப் என்னும் அம்மையார் 1994 முதல் அதன் உறுப்பினர். பார்லிமெண்டின் சபாநாயகராகவும் இருந்தவர். அரசாங்கச் செலவில் ஹெலிகாப்டரில் சென்ற விவகாரத்தால் 2015-இல் அப்பதவியை இழந்தார். 2016-இல் கட்சி அவரை மீண்டும் நிறுத்த மறுத்தது. இறுதிச் சுற்றில் ஜேசன் ஃபலின்ஸ்கி 51 ஓட்டும், பிஷப் 39 ஓட்டும் பெற்றனர். ஏறத்தாழ ஒரு லட்சம் வாக்காளர் உள்ள தொகுதிக்கு உறுப்பினர் யார் என்பதை 90 பேர் ஓர் அறையில் முடிவு செய்தனர்!

அந்த அறைக்குள் செல்வது எப்படி? இது கட்சிக்குக் கட்சி, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சில இடங்களில் தொகுதியின் கட்சி உறுப்பினர் அனைவரும் வாக்களிப்பர். சில இடங்களில் கிளைப் பிரதிநிதிகளும் மாநில அமைப்பின் பிரதிநிதிகளும் கலந்து வாக்களிப்பர். விக்டோரியா மாநிலத் தொழிற் கட்சியில் பாதி எடை உள்ளூர் உறுப்பினர்க்கும், பாதி எடை மாநிலக் குழுவுக்கும் என்பது வழக்கம். இவற்றுக்கு மேலே கட்சியின் தேசியக் காரியக் கமிட்டி அமர்ந்திருக்கும். வேண்டும்போது எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

இடையே நிற்பவை கோஷ்டிகள். நம் நாட்டில் கோஷ்டி என்றால் வெளியே சொல்லக் கூச்சப்படுவர். அங்கே தொழிற் கட்சியில் இடது, வலது என்னும் கோஷ்டிகளுக்குக் கூட்டமும் உண்டு, தலைவரும் உண்டு. இந்தத் தொகுதி உனக்கு, அந்தத் தொகுதி எனக்கு என்று அவை பங்கிட்டுக்கொள்ளும். ஆதலின் திறமையுள்ள இளைஞர் ஒருவர் மக்களை அறிவதற்கு முன் கோஷ்டித் தலைவரை அறிய வேண்டியவராகிறார்.

செனட் சபையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சிறிது கணக்குப் பார்ப்போம். வழக்கமான தேர்தலில் ஒரு மாநிலத்திலிருந்து ஆறு செனட்டர்கள் தேர்ந்தெடுக்கப்படுவர். ஓர் இடம் பெற ஏழில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய 14.3 சதவீத வாக்கு வேண்டும். 30 சதவீதம் பெறும் கட்சிக்கு இரண்டு இடம் உறுதி. மூன்றாவது இடம் பிறர் தரும் விருப்ப வாக்கைப் பொறுத்தது. ஆகவே பட்டியலில் முதல் இரண்டில் இடம் பெற்றவர் அன்றே செனட்டர். மூன்றாமவர் மக்களை நம்பியிருக்க வேண்டும்.

அந்த மூன்றாம் இடத்தில் நம்மவர் ஒருவரையும் காண்கிறோம். இலங்கைத் தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த மருத்துவர் மிஷல் ஆனந்தராஜா 2022-இல் மெல்போர்னின் ஹிக்கின்ஸ் தொகுதியில் தொழிற் கட்சியின் சார்பில் வென்றார். எல்லை மறுவரையறையில் அத்தொகுதியே ஒழிந்தது. 2025-இல் கட்சி அவருக்கு விக்டோரியாவின் செனட் பட்டியலில் மூன்றாம் இடத்தைத் தந்தது. அந்த ஆண்டு கட்சிக்கு ஆதரவு பெருகவே, வென்றார். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2022-இல் மூன்றாம் இடத்திலிருந்து வென்றவர், ஆப்கானிஸ்தானில் பிறந்த ஃபாத்திமா பேமன். கட்சிக் கூட்டத்தின் முடிவுக்கு மாறாக வாக்களிப்பதில்லை என்பது தொழிற் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏற்கும் உறுதிமொழி. பாலஸ்தீன அரசை அங்கீகரிக்கும் தீர்மானத்தில் பேமன் 2024 ஜூனில் கட்சியை எதிர்த்து வாக்களித்தார். ஜூலையில் கட்சியைவிட்டு விலகினார். நிறுத்தியவர்க்குக் கடமையா, வாக்களித்தவர்க்குக் கடமையா, தன் மனச்சாட்சிக்குக் கடமையா? முன்தேர்வின் நிழல் பதவியேற்ற பின்னும் தொடர்கிறது அன்றோ?

அறைக்குள் ஓட்டுக்கு மதிப்பிருந்தால் அறையை நிரப்பவும் ஆள் வருவார். இதுவே ‘கிளை நிரப்புதல்’ என்னும் நோய். ஒருவரே பலருக்குச் சந்தா கட்டிக் கிளையில் உறுப்பினராக்குவார். அவர்களிற் சிலருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியாது. 2020 ஜூனில் விக்டோரியாவில் இது பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் அம்பலமாயிற்று. ஒரு மாநில அமைச்சர் பதவி இழந்தார். தேசியக் காரியக் கமிட்டி மாநிலக் கிளையையே தன் வசம் எடுத்துக்கொண்டது. குற்றமற்ற உறுப்பினர்களும் அதனோடு வாக்குரிமையை இழந்தனர்.

மேலிடம் இப்படித் தலையிடுவது சரியா? தொழிற் கட்சிக்கு இது பழைய புண். 1963 மார்ச்சில் கான்பெரா நகரில், அமெரிக்க வானொலித் தொடர்பு நிலையம் பற்றி முடிவு செய்யக் கட்சியின் 36 பிரதிநிதிகள் ஒரு ஹோட்டலில் கூடினர். கட்சித் தலைவர் கால்வெலும் துணைத் தலைவர் விட்லமும் அந்த 36 பேரில் இல்லை. நள்ளிரவில் ஹோட்டலுக்கு வெளியே தெருவிளக்கடியில் இருவரும் காத்து நின்ற படம் பத்திரிகையில் வந்தது. நாட்டை ஆள வருபவருக்கு ஆணையிடுவோர் ‘36 முகமற்ற மனிதர்கள்’ என்று லிபரல் கட்சியினர் பிரசாரம் செய்தனர். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் தொழிற் கட்சி தோற்றது. 1967-இல்தான் பார்லிமெண்டுத் தலைவர்களுக்குக் கட்சி மாநாட்டில் இடம் கிடைத்தது.

லிபரல் கட்சியும் இதற்கு விலக்கன்று. 2022-இல் நியூ சவுத் வேல்ஸில் கோஷ்டிப் பூசலால் முன்தேர்வு பல மாதம் தடைப்பட்டது. முடிவில் பிரதமர் மாரிசன், மாநிலப் பிரதமர் பெரொட்டே, கட்சியின் முன்னாள் தலைவர் ஒருவர் ஆகிய மூவர் குழு வேட்பாளர் பலரை நியமித்தது. வழக்குத் தொடர்ந்தனர், தள்ளுபடியாயிற்று. அடுத்த மாதத் தேர்தலில் ஆட்சியும் போயிற்று.

ஆயினும் மேலிடம் எப்போதும் தீது, உள்ளூர் எப்போதும் நன்று என்று நான் சொல்லமாட்டேன். உள்ளூர்க் கிளைகளை அவற்றின் போக்கிலே விட்டபோது பெண்களுக்கு வெல்லும் தொகுதிகள் அரிதாகவே கிடைத்தன. 2002-க்குள் வெல்லத்தக்க தொகுதிகளில் 35 சதவீதம் பெண்களுக்கு என்று 1994-இல் தொழிற் கட்சி மேலிருந்து விதி செய்தது. பின்னர் அளவை உயர்த்தியது. 2022 தேர்தலுக்குப் பின் அக்கட்சியின் கூட்டரசுப் பார்லிமெண்டு உறுப்பினரில் பாதிக்கு மேல் பெண்கள். விதி வெளிப்படையாக, முன்கூட்டியே, எல்லோர்க்கும் பொதுவாக இருந்தால் மேலிடமும் நன்மை செய்யும். ஒரு நபருக்காக ஓரிரவில் செய்யப்படுவதே தீங்கு.

அக்காள் சொன்ன “ஒரு தடவை” அதுதான். சிட்னியின் மேற்கே ஃபௌலர் என்னும் தொகுதி. வியட்நாமிலிருந்து அகதிகளாக வந்தோர் ஏராளமாக வாழும் காப்ரமாட்டா அதில் உள்ளது. 1984 முதல் தொழிற் கட்சியே அங்கு வென்றுவந்தது. 2019-இல் ஏறக்குறைய 64 சதவீதம் பெற்றது. அதன் உறுப்பினர் ஓய்வு பெறும்போது, வியட்நாமியக் குடும்பத்தைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் தூ லே என்பவரைத் தம் இடத்துக்கு ஆதரித்தார். ஆனால் முன்னாள் மாநிலப் பிரதமரும் செனட்டருமான கிறிஸ்டினா கென்னலிக்குச் செனட் பட்டியலில் உறுதியான இடம் தருவதில் கட்சிக்குள் சிக்கல் இருந்தது. சிட்னியின் வடகோடித் தீவொன்றில் வாழ்ந்த அவரை 2021-இல் ஃபௌலருக்கு வேட்பாளராக்கினர். இத்தகையோரைப் ‘பாரசூட்டில் இறங்கியவர்’ என்பது அந்நாட்டு வழக்கு.

2022 மே மாதம் தேர்தல். கென்னலியை எதிர்த்தவர்களுள், வியட்நாமிலிருந்து சிறுமியாக அகதியாய் வந்த டாய் லே என்னும் சுயேச்சையும் ஒருவர். உள்ளூர் நகரசபையில் பணி செய்தவர். முதல் விருப்ப வாக்கில் கென்னலியே முன் நின்றார். பிறர் தந்த விருப்ப வாக்குகள் சேர்ந்தபோது டாய் லே 51 சதவீதத்துக்கு மேல் பெற்று வென்றார். 2025-இல் தொழிற் கட்சி முன்பு ஒதுக்கிய தூ லேயையே நிறுத்தியது. அப்போதும் டாய் லேதான் வென்றார். மக்கெல்லரிலும் 2022-இல் ஃபலின்ஸ்கியை ஒரு சுயேச்சை தோற்கடித்தார்.

இதிலிருந்து நான் அறிந்தது இது. முன்தேர்வில் இடமில்லாத வாக்காளருக்கு மிஞ்சுவது மறுக்கும் உரிமை ஒன்றே. ‘இவர் வேண்டும்’ என்று சொல்ல இயலாதவர் ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லலாம். அதுவும் வேறொருவர் துணிந்து எதிர்த்து நின்றால்தான்! டாய் லே பெயரைத் திரும்பப் பெற்றிருந்தால் ஃபௌலர் மக்களும் கைதட்டியிருக்கவே வேண்டும்.

அடுத்த திங்களில் நம் மன்றத்துக்குப் புதிய பொறுப்பாளர் தேர்தல் வருகிறது. மூன்றே வேண்டுகோள். உறுப்பினர் பட்டியலை ஒரு நாள் குறித்து மூடி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடைசி வாரத்தில் ஒருவரே பத்துப் பேருக்குச் சந்தா கட்ட இடம் கொடாதீர்கள். பெயர் கொடுக்கும் எவர் அறைக்கும் இரவில் யாரும் செல்ல வேண்டா.

இந்த முறை நான் பெயர் கொடுக்கிறேன். தோற்றாலும் தோற்கலாம். திரும்பப் பெறமாட்டேன்.