ஏற்றும் முன் கேளுங்கள்: அலுவலக மேசைக்கு வந்த ஏஐ-யும் உங்கள் காகிதங்களும்

காரைக்குடி செக்காலையில் ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தர் அலுவலகம், ஸ்கேன் சென்டர், டிடிபி கடை என்று எதற்குள் போனாலும் கணினியில் சாட்ஜிபிடியோ ஜெமினியோ திறந்திருக்கிறது. வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த வங்கிக் கணக்கு விவரத்தை, ஆதார் நகலை, ரத்தப் பரிசோதனை முடிவைச் செல்போனில் படம் பிடித்து அப்படியே அதற்குள் ஏற்றிவிடுகிறார்கள். கொடுத்தவருக்கு இது தெரியாது. ஏற்றுகிற பிள்ளைக்கு அதன் விளைவு தெரியாது. முதலாளிக்கோ, வேலை சீக்கிரம் முடிகிறதே என்ற திருப்தி.

சீக்கிரம் முடியட்டும், நல்லதுதான். கடிதம் எழுத, கணக்கை வரிசைப்படுத்த, ஆங்கில நோட்டீசுக்குத் தமிழில் பொருள் தெரிந்துகொள்ள இந்தக் கருவிகள் மெய்யாகவே உதவுகின்றன. ஆனால் எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது, வெளியே வந்ததை யார் அசலோடு ஒத்துப் பார்ப்பது என்று ஒரு அலுவலகத்திலாவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

நம் ஊரில் இதில் ஆபத்து கூடுதல். ஒரு பெரிய வீட்டில் பல பங்காளிகள். பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பார்கள். ஒரு பங்கை விட்டுக்கொடுக்கப் பத்திரம் எழுத வேண்டுமென்றால் அத்தனை பேருடைய ஆதார், பான், பாஸ்போர்ட் நகலும் தாய்ப்பத்திரமும் ஒரே கோப்பில் சேரும். அந்தக் கோப்பை மொத்தமாக ஏற்றி "விடுதலைப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடு" என்று கேட்டால், ஒரு குடும்பத்தின் அடையாள ஆவணம் முழுவதும் ஒரே நிமிடத்தில் வெளிநாட்டுக் கணினிக்குப் போய்விடுகிறது. இலவசக் கணக்கில், அமைப்பை நாமாக மாற்றாத வரை, சாட்ஜிபிடி நம் உரையாடலைத் தன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும். அழித்த உரையாடல் அதன் கணினிகளிலிருந்து நீங்க 30 நாள் வரை ஆகும். ஜெமினியில் மனிதர்கள் பார்த்துத் தரம் பிரித்த உரையாடல் என்றால், நாம் அழித்த பிறகும் 3 ஆண்டு வரை இருக்கலாம். டீப்சீக்கில் போட்டது சீனாவிலுள்ள கணினியில் சேமிக்கப்படுகிறது. 2025 ஜூலையில், பகிர்வு இணைப்பு உருவாக்கப்பட்ட சாட்ஜிபிடி உரையாடல்கள் பல கூகுள் தேடலிலேயே கிடைத்தன. ஊர் அறிய வந்த பிறகுதான் அந்த வசதியை எடுத்தார்கள்.

அடுத்தது பிழை. பழைய செட்டிநாட்டுப் பத்திரங்களில் எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும். ௧ என்பதைக் 'க' என்றும், ௮ என்பதை 'அ' என்றும் கருவி படித்துவிட்டால் சர்வே எண்ணும் அளவும் தலைகீழாகும். படிக்க முடியாத இடத்தில் அது நிறுத்தாது. தனக்குத் தோன்றியதைத் தயக்கமில்லாமல் நிரப்பிவிடும். அந்த வரைவில் கையெழுத்தாகி, காரைக்குடி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டால், சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும். அதற்கு முதல் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் திரும்ப வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வர முடியாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். இதற்குள் ஒரு பங்காளி காலமாகிவிட்டால் வாரிசுச் சான்றிதழில் தொடங்கி எல்லாம் முதலிலிருந்து. ஐந்து நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய் ஐந்து ஆண்டு அலைச்சல்.

படித்தவர்கள் இதில் ஏமாறமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு, ஓர் அறக்கட்டளை வழக்கில் போட்ட உத்தரவைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அதில் மேற்கோள் காட்டப்பட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு என்று குறிப்பிடப்பட்ட ஒன்றும் அங்கே குறிப்பிட்டபடி இல்லவே இல்லை. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு நிறுவனத்தின் மீதான வருமான வரி மதிப்பீட்டையே ரத்து செய்தது. அதிகாரி சான்று காட்டிய மூன்று தீர்ப்புகள் யாரும் கொடுக்காத தீர்ப்புகள். கருவி தருவதைச் சரிபார்க்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள். உங்கள் வரி நோட்டீசுக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் பதில் எழுதித் தந்தால், அதில் சொல்லியிருக்கும் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நகல் இல்லாத தீர்ப்பை அனுப்ப விடாதீர்கள்.

அரசைக் கேட்டால் கொள்கை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. பாதுகாப்பான, அறநெறிப்பட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை 2020 செப்டம்பரிலேயே தமிழ்நாடு வெளியிட்டது; இந்தியாவில் இப்படி ஒன்றை வெளியிட்ட முதல் மாநிலம் நாம்தான். அது தாலுகா அலுவலக மேசைக்கு வந்து சேர்ந்ததா? 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களை அலுவலகக் கணினியில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. டெல்லியில் அதிகாரிக்கு ஆபத்தானது செக்காலையில் குடிமகனுக்கு ஆபத்தில்லாமல் போய்விடுமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்றது. விதிகள் வர 2025 நவம்பர் ஆனது. அதில் நமக்கான முக்கிய உரிமைகள் நடைமுறைக்கு வருவது 2027 மே மாதம். அதுவரை யாரும் கேட்க முடியாது என்று சில அலுவலகங்களில் துணிந்து சொல்கிறார்கள். அது தவறு; கேட்கும் வழிகளைப் பின்னால் சொல்கிறேன்.

அலுவலகம் நடத்துபவர்கள் முதலில் ஒரு தாளை எடுத்து எழுதுங்கள். எந்தக் கருவி, எந்தக் கணக்கில் என்பது முதல் வரி. ஊழியரின் சொந்த செல்போனும் சொந்த மின்னஞ்சல் கணக்கும் கூடவே கூடாது. அவர் வேலையை விட்டுப் போகும்போது உங்கள் வாடிக்கையாளர்களின் விவரமும் அவரோடு போகும். அமைப்பில் 'தரவுக் கட்டுப்பாடு' பகுதிக்குப் போய்ப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் அனுமதியை நிறுத்துங்கள். ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு விவரம், மருத்துவ அறிக்கை, கடவுச்சொல் ஆகியவை உள்ளே போகக்கூடாது என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பத்திர வரைவு வேண்டுமென்றால் பெயர் இருக்குமிடத்தில் 'முதல் நபர்', 'இரண்டாம் நபர்' என்றும், எண் இருக்குமிடத்தில் கோடும் போட்டுக் கேளுங்கள். விவரத்தைக் கடைசியில் உங்கள் கணினியில் நிரப்பலாம். நிரப்பிய பிறகு பழைய வழக்கப்படி ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் கையில் வைத்து ஒத்துப் பார்க்கட்டும். சர்வே எண், அளவு, நான்கெல்லை, தந்தை பெயர் நான்கிலும் விரல் வைத்துப் பாருங்கள். ஒத்துப் பார்த்தவர் அந்தத் தாளில் கையெழுத்திடட்டும். திரும்பவும் சொல்கிறேன்: ஆதாரை ஏற்றாதீர்கள்.

கொடுக்கிற நீங்களும் சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் குறுக்கே "இன்ன வேலைக்கு மட்டும், எந்த ஏஐ செயலியிலும் ஏற்ற எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதி, தேதியோடு கையெழுத்திடுங்கள். நாளை புகார் என்று போனால் அந்த ஒரு வரி உங்கள் பக்கம் பேசும்.

ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கே போய் உரையாடலை அழிக்கச் சொல்லுங்கள். அழிக்கும் முன் திரையைப் படமெடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, என்ன ஆவணம், எந்த நாள், எந்தக் கருவி என்று கேட்டு பட்டுவாடாச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வாய்ச்சண்டை எதற்கும் சான்றாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. வங்கி விவரம், மருத்துவ ஆவணம், கைரேகை போன்ற அந்தரங்கத் தரவைக் கவனக்குறைவாகக் கையாண்டு உங்களுக்கு நஷ்டம் வந்தால் இழப்பீடு கேட்கலாம். கம்பெனி மட்டுமல்ல, தனி ஒருவர் நடத்தும் தொழிலும் அந்தப் பிரிவுக்குள் வரும். 2011 விதிகளின்படி குறைதீர் அலுவலர் ஒரு மாதத்துக்குள் உங்கள் புகாரைத் தீர்க்க வேண்டும்.

தீரவில்லை என்றால் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு மனு போக வேண்டிய இடம் தீர்ப்பு அலுவலர். அதாவது சென்னைத் தலைமைச் செயலகத்தில் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். மனுவுக்கு 50 ரூபாய், அதோடு கேட்கும் தொகைக்கு ஏற்ற கட்டணம். 2 லட்சம் கேட்டால் 7,000 ரூபாய் ஆகும். நான்கு மாதத்தில், மிஞ்சினால் ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010-இல் இணைய மோசடியில் பணம் இழந்த ஒரு தமிழருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி ஐசிஐசிஐ வங்கிக்கு உத்தரவிட்டவர் இந்தத் தமிழ்நாட்டுத் தீர்ப்பு அலுவலர்தான். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. சிவகங்கைக்காரர் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பது அநியாயம். அதைச் சொல்லிக்கொண்டே உரிமையை விட்டுவிடக் கூடாது.

பக்கத்தில் ஒரு வழியும் உண்டு. நுகர்வோர் நம்பிக் கொடுத்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளியிடுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. நீங்கள் கட்டணம் கொடுத்த ரசீது இருந்தால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. ஆலோசனைக்கு 1915. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீதில்லாமல் நுகர்வோர் என்று நிரூபிக்கவே திண்டாட வேண்டியிருக்கும். பட்டயக் கணக்காளர் என்றால், வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் தகவலை மூன்றாம் நபருக்கு வெளியிடுவது 1949 சட்டப்படி தொழில் ஒழுங்கீனம்; பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கை இயக்குநரகத்துக்குப் படிவம் 1-இல் புகார் போகும். வெளியான விவரத்தை வைத்து யாராவது உங்கள் பணத்தை எடுத்துவிட்டால் இவை எதற்கும் காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். ஸ்டேஷனில் "பேங்கில் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பினால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் நீங்களே பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஊழியர்கள். ஏற்றச் சொல்வது முதலாளி. மாட்டிக்கொள்வது டைப் அடிக்கும் பெண். ஆவணத்தை ஏற்றச் சொன்னால் வாட்ஸ்அப்பிலாவது ஒரு வரி எழுதி வாங்குங்கள். "ஏஐ வந்துவிட்டது, நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னாலும் கண்ணீரோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவு, தொடர்ந்து 6 மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக் கூடாது என்கிறது. நீக்கிய உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு மனுச் செய்ய வேண்டும். எந்த அலுவலர் என்பதைச் சிவகங்கை தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வாய்மொழியாகச் சொன்னதை நம்பி 30 நாளைத் தொலைத்துவிடாதீர்கள். நியமனக் கடிதம் இங்கே பல அலுவலகங்களில் கொடுப்பதே இல்லை. அதனால் வேலை பார்த்ததற்குச் சான்றாகச் சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், பிஎஃப் விவரம், இஎஸ்ஐ அட்டை, வருகைப் பதிவேட்டின் படம், முதலாளி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே நகலெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். நகலெடுக்கும்போது வாடிக்கையாளர் ஆவணம் ஒன்றுகூட அதில் கலந்துவிடக் கூடாது.