பழைய தோற்றம், புதிய வண்டி



பெரிய சாலை ஓரத்தில் ஒரு தேநீர்க் கடை. நாம் அங்கே அமர்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போகின்றன; நாம் தலை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. அப்போது 'டப்... டப்... டப்...' என்று ஓர் ஓசை கேட்கிறது. உருண்டையான பெரிய விளக்கு, கண்ணீர்த் துளியைப் போன்ற எண்ணெய்த் தொட்டி, கம்பிகள் கோத்த சக்கரங்கள். அவசரமே இல்லாமல் ஒரு வண்டி வந்து நிற்கிறது. "அந்தக் காலத்துல சின்ன தொரை ஓட்டின வண்டி மாதிரி இருக்கே!" என்கிறார் பக்கத்தில் இருக்கும் தாத்தா. உண்மையில் அந்த வண்டி வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை!

பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்யப்படும் இத்தகைய வண்டிகளை இன்று பலர் விரும்பி வாங்குகின்றனர். அவை வேகத்தில் முந்துவதில்லை, எடையோ அதிகம். அப்படியிருந்தும் அவற்றின் மீது ஏன் இந்த ஆசை? ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 என்ற வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

முதலில் இந்த வண்டியின் பிறப்பைப் பார்ப்போம். இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் மிதிவண்டி செய்துகொண்டிருந்த நிறுவனம் ஒன்று, 1901ஆம் ஆண்டில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. 'புல்லட்' என்ற பெயர் 1932இல் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்திய இராணுவத்துக்கு, எல்லைப்புறக் கரடுமுரடான பாதைகளில் ஓடக்கூடிய வண்டிகள் தேவைப்பட்டன. புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் விளைவாக 1955இல் 'மெட்ராஸ் மோட்டார்ஸ்' என்ற நிறுவனம் ஆங்கிலேய நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. சென்னைக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டிய திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். 1970ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடப்பட்டது. திருவொற்றியூரிலோ வண்டிகள் தொடர்ந்து உருவாகிக்கொண்டிருந்தன. 1977இல் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ஆங்கிலேயர் பிறப்பித்த வண்டியைத் தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகள் வாழவைத்தன என்றால் அது மிகையாகாது. இன்று ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதற்குப் பெரிய தொழிற்சாலைகள் இருக்கின்றன.

சரி, வரலாறு இருக்கட்டும். ஓட்டுவதில் என்ன இன்பம்? அதற்கு எஞ்சினின் உள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

நம் வீடுகளில் நெடுங்காலம் உழைத்த ஹோண்டா 'கப்சாய்' வண்டியை எல்லாருக்கும் தெரியும். அதில் 70 என்ற வகையின் சிலிண்டர் 47 மில்லிமீட்டர் அகலம். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 41.4 மில்லிமீட்டர். பழைய 350 புல்லட்டிலோ அகலம் 70, தூரம் 90 மில்லிமீட்டர். கப்சாயின் பிஸ்டன் குட்டைக்காலால் ஓடும் சிறுவனைப் போன்றது. விரைவாக எட்டு வைக்கும். புல்லட்டின் பிஸ்டன் நெட்டைக்கால் மனிதனைப் போன்றது. எட்டுகள் குறைவு, ஒவ்வோர் எட்டும் நீளம். அந்த எட்டுகளைத்தான் 'டப்... டப்...' என்று தனித்தனியே எண்ணுவதுபோல நாம் கேட்கிறோம்.

இத்துடன், எஞ்சினுக்குள் கனத்த சக்கரம் ஒன்றும் சுழல்கிறது. திரிகைக் கல்லை நினைத்துப் பாருங்கள். சுழற்றத் தொடங்குவது சிரமம். சுழன்றபின் அதன் எடையே அதைச் சுற்றவைக்கும். அதுபோல இந்தச் சக்கரமும் ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் இடையே ஓட்டத்தைத் தளரவிடாமல் காக்கிறது. அதனால் மெதுவாகப் போகும்போதும் வண்டி திணறுவதில்லை. அடிக்கடி கியர் மாற்றும் தொல்லையும் குறைகிறது.

2021இல் வெளிவந்த புதிய கிளாசிக் 350 தருவது ஏறத்தாழ 20 குதிரைத் திறன். இன்றைய 155 சிசி வண்டி ஒன்றே 18 குதிரைத் திறன் வரை தருகிறதே, பிறகு 350 சிசி எதற்கு என்று நம் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தச் சிறிய வண்டி தன் முழுத் திறனைக் காட்ட, எஞ்சின் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம், பத்தாயிரம் முறை சுழல வேண்டும். கிளாசிக்கின் இழுக்கும் வலிமையோ நாலாயிரம் சுற்றிலேயே உச்சத்தைத் தொடுகிறது. ஒன்று விரட்டினால்தான் வேலை செய்யும். மற்றது விரட்டாமலே செய்யும். மணிக்கு 60, 70 கிலோமீட்டரில் காற்று வாங்கிக்கொண்டு போவதற்கு இரண்டாவதே ஏற்றது.

தோற்றம் பழையதாயினும் உள்ளே இருப்பது புதிய காலத்துக் கருவிகள். உதைத்து உதைத்துக் கால் வலிக்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் போதும். எண்ணெயை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு உண்டு. பழைய புல்லட்டில் கையை மரக்கச் செய்த அதிர்வைக் குறைக்க, எதிர் எடைத் தண்டு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏற்பாடும் இருக்கிறது. தாத்தாவின் முகம், பேரனின் உடல் என்று சொல்லலாம்.

ஆயினும் எஞ்சினும் தோற்றமும் மட்டுமே இந்த ஆசைக்குக் காரணம் ஆகா என்று நாம் கருதுகிறோம். நம் வாழ்க்கையையே எண்ணிப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டும். வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடிக்க வேண்டும். நேரத்தோடு பாலைத் தூக்கிப் போய் எடை போட வேண்டும். நம் பெற்றோரின் கப்சாய் வண்டி இந்த அவசரத்துக்கே உழைத்தது. போய்ச் சேர்வதற்காகத்தான் ஓட்டினார்களே தவிர, ஓட்டுவதற்காக ஓட்டியவர் எத்தனை பேர்? நேரம் நமக்குச் சொந்தமாக இல்லாதிருந்த காலம் அது. அந்தக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எந்தக் கணக்கும் இல்லாமல், மரங்களைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறான். அவன் அனுபவிப்பது ஓய்வு என்னும் உரிமையை அல்லவா?

ஆனால், ஆசைப்பட்டவுடன் கடைக்கு ஓடிவிடக் கூடாது. மூன்று செய்திகளை நினைவில் வைப்போம். முதலாவது, எடை. இந்த வண்டி 195 கிலோ. சாய்ந்தால் தூக்கி நிறுத்த முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டாவது, உரிமம். மலேசியாவில் பலரும் வைத்திருக்கும் பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான் செல்லும். 350க்கு அதைவிட உயர்ந்த வகை உரிமம் வேண்டும். சிங்கப்பூரில் 2பி உரிமம் 200 சிசி வரை. இதற்கு 2ஏ தேவை. மூன்றாவது, தவணை. மனம் லேசாக ஓட்டுவதற்காக வாங்கும் வண்டி, மாதக் கடைசியில் மனத்தைக் கனக்கச் செய்தால் என்ன பயன்? பிள்ளைகளின் படிப்புச் செலவையும் வீட்டுச் செலவையும் ஒதுக்கியபின் மிஞ்சுவதில்தான் இந்த ஆசைக்கு இடம் தேட வேண்டும்.

மிஞ்சவில்லையா? வருந்த வேண்டாம். வீட்டில் நிற்கும் பழைய கப்சாயைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, தலைக்கவசம் அணிந்து, விடுமுறை நாளில் நிதானமாக ஒரு சுற்றுப் போய்வாருங்கள். அப்பாவையும் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் ஆண்டுக்கணக்கில் அவசரமாகக் கடந்த அதே பாதையை, ஒருநாள் மெதுவாகப் பார்க்கட்டும். பதறாத காரியம் சிதறாது என்றார்கள் பெரியோர். அது பயணத்துக்கும் பொருந்தும்.