எக்செல்லில் மறைத்தால் போதுமா?

2023 ஆகஸ்ட் மாதம். வட அயர்லாந்துக் காவல்துறையிடம் தகவல் அறியும் சட்டப்படி ஒருவர் சாதுவான கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தார்: எந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பதில் ஓர் எக்செல் கோப்பாக 8ஆம் தேதி இணையத்தில் ஏறியது. திறந்து பார்த்தால் எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். ஆனால் அதே கோப்புக்குள் கண்ணில் படாத இன்னொரு ஷீட் இருந்தது. அதில் 9,483 காவலர்கள், பணியாளர்களின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பிரிவு, வேலை பார்க்கும் இடம் எல்லாம் இருந்தன.

அந்த ஊரில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ஓமா நகரில், பணியில் இல்லாத நேரத்தில் ஒரு மூத்த துப்பறியும் அதிகாரியைச் சுட்டிருந்தார்கள். போலீஸ் வேலை பார்ப்பதை அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் அங்கே உண்டு. சில மணி நேரத்தில் கோப்பை அகற்றினார்கள். அதற்குள் அது ஆயுதக் குழுக்களின் கைக்குப் போய்விட்டதென்று காவல்துறையே ஒப்புக்கொண்டது. மறு ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்ட் அபராதம் விதித்தது. யாரும் ஊடுருவவில்லை, எந்தப் பாஸ்வேர்டும் திருடுபோகவில்லை. ‘ஹைட்’ ஆகியிருந்த ஒன்று ‘டெலீட்’ ஆகவில்லை, அவ்வளவுதான்.

நம் அலுவலகங்களில் இந்த ‘ஹைட்’ எவ்வளவு சகஜம் என்பது எக்செல்லில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் மேலாளர்களின் வரிசைகளை மறைத்துவிட்டு மீதியைச் சுற்றுக்கு விடுவார்கள். மாணவர் பட்டியலில் சாதி, ஆதார் எண் இருக்கும் நெடுவரிசைகளை மறைத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். தினமும் செய்யும் வேலை என்றால் மேக்ரோ எழுதிக்கொள்வார்கள். அது கஷ்டமும் இல்லை. ‘ரெக்கார்ட் மேக்ரோ’வை அழுத்திவிட்டு ஒருமுறை செய்துகாட்டினால் எக்செல் மனப்பாடம் செய்துகொள்ளும். கையால் எழுதினாலும் ஒரே வரிதான்: இன்ன வரிசை முதல் இன்ன வரிசை வரை, ‘ஹிடன்’ என்ற பண்பு ‘ட்ரூ’. அதையே ‘ஃபால்ஸ்’ என்று மாற்றினால் வரிசைகள் திரும்பி வந்துவிடும். ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டன் வைத்து இணைத்துவிட்டால், ஒன்றை அழுத்தினால் மறையும், மற்றதை அழுத்தினால் தெரியும்.

வசதியான ஏற்பாடு, சந்தேகமில்லை. நீளமான பட்டியலில் இன்றைக்குத் தேவையானதை மட்டும் பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் இது பார்ப்பவருடைய வசதிக்காகச் செய்தது, ரகசியம் காக்கச் செய்ததல்ல. எக்செல் கோப்பு என்பது உண்மையில் சுருக்கிக் கட்டிய சில எழுத்துக் கோப்புகளின் மூட்டை. மறைத்த வரிசையில் ‘இதைக் காட்டாதே’ என்ற சின்னக் குறிப்பு ஒன்று சேர்கிறது. பெயர், எண், தொகை எல்லாம் அப்படியே உள்ளே கிடக்கும். ஷீட்டுக்குப் பாஸ்வேர்டு போட்டுப் ‘புரொடெக்ட்’ செய்தாலும் இதே கதைதான். அது கை தவறித் திருத்திவிடாமல் தடுக்கும், உள்ளடக்கத்தைப் பூட்டாது. கோப்பைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி வைப்பது வேறு. அதில்தான் உள்ளிருப்பது மறைகுறியாக்கம் ஆகிறது.

மேக்ரோவை நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘கோப்பைத் திறந்தவுடன் இந்த வரிசைகளை மறை’ என்று சிலர் எழுதி வைப்பார்கள். பெறுகிறவர் மேக்ரோவை அனுமதித்தால்தான் அது ஓடும். அனுமதிக்காவிட்டால், அல்லது செல்போனிலோ கூகுள் ஷீட்ஸிலோ திறந்தால், மறைக்க நினைத்ததெல்லாம் முதல் பார்வையிலேயே தெரியும்.

மறைத்த வரிசை வெளியே வந்து பணக்கணக்கையே குழப்பிய சம்பவமும் உண்டு. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது அதன் வணிகத்தின் ஒரு பகுதியை பார்க்லேஸ் வங்கி வாங்கியது. தனக்கு வேண்டிய ஒப்பந்தங்களை எக்செல்லில் பட்டியலிட்டு, வேண்டாத 179 ஒப்பந்தங்களின் வரிசைகளை நீக்காமல் மறைத்து மட்டும் வைத்திருந்தது. நள்ளிரவுக்குள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டிய அவசரத்தில், வழக்கறிஞர் அலுவலகத்தில் கோப்பை ஒழுங்குபடுத்தி பிடிஎஃப் ஆக்கும்போது அந்த வரிசைகளும் வெளியே வந்துவிட்டன. வேண்டாத ஒப்பந்தங்கள் வாங்கியவையாகப் பதிவாகிவிட, அவற்றை விலக்கக் கோரி மறுபடி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அதற்காக எல்லாக் கணக்கையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் குடியிருப்போர் சங்கத்திலோ சீட்டுக் குழுவிலோ எக்செல் கணக்கு வந்தால் இடது ஓரத்து வரிசை எண்களை ஒரு பார்வை பாருங்கள். 14க்கு அடுத்து 19 என்றால் நடுவில் நான்கு வரிசைகள் மறைந்திருக்கின்றன. ‘சம்’ சூத்திரம் மறைந்தவற்றையும் சேர்த்தே கூட்டும். ‘சப்டோட்டல்’ என்பதில் 9 என்ற எண்ணைக் கொடுத்தால், ஃபில்டர் செய்து நீங்கியவை கணக்கில் வராது, கையாலோ மேக்ரோவாலோ மறைத்தவை வரும். 109 என்று கொடுத்தால் இரண்டுமே வராது. ஒரே தாளில் மூன்று வெவ்வேறு கூட்டுத்தொகை வந்துவிடும். கண்ணில் படும் தொகைகளைக் கூட்டிப் பார்த்து, மொத்தம் உதைத்தால், ‘அன்ஹைட் பண்ணி அனுப்புங்க’ என்று கேட்பது உறுப்பினரின் உரிமை. இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை.

அனுப்பும் இடத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது இதுதான். மூலக் கோப்பை அனுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் தெரியும் செல்கள் மட்டும் தேர்வாகும். அதை நகலெடுத்துப் புதிய கோப்பில் ‘வேல்யூஸ்’ ஆக மட்டும் ஒட்டுங்கள். ஃபைல் மெனுவில் இன்ஃபோ, பிறகு ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, அதனுள் ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்று போனால், மறைந்த வரிசை, நெடுவரிசை, ஷீட் எல்லாவற்றையும் எக்செல்லே தேடிச் சொல்லும். நகல் கோப்பில் செய்யுங்கள். அங்கே நீக்கியதைத் திரும்பப் பெற முடியாமல் போகலாம். பிவட் டேபிளையும் மறக்காதீர்கள். மேலே சுருக்கம் மட்டும் தெரிந்தாலும் அடியில் மூலத் தரவு முழுதும் இருக்கலாம். லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 2012இல் அப்படித்தான் 2,375 பேரின் விவரங்களை வெளியே விட்டு, 70,000 பவுண்ட் அபராதம் கட்டியது. நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 10ஆம் பிரிவில், கொடுக்கக்கூடாத பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம் என்கிறது. பொதுத் தகவல் அலுவலர்கள் கவனிக்க: மறைத்து அனுப்பினால் பிரித்ததாக ஆகாது.

இனி, முன்பின் தெரியாதவரிடமிருந்து வரும் மேக்ரோ கோப்பு. வரிசையை மறைக்கும் அதே மேக்ரோவால் இணையத்திலிருந்து வைரஸை இறக்கவும் முடியும். 1999இல் உலகம் முழுக்க மின்னஞ்சல் சேவையகங்களைத் திணறடித்த மெலிசா, வேர்டு மேக்ரோவாக வந்ததுதான். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் தானாகவே தடுக்கிறது. அதனால் இப்போது மோசடிக்காரர்கள் ‘பிராப்பர்டீஸில் போய் அன்பிளாக் பெட்டியில் டிக் போடுங்கள்’ என்று வழியும் சொல்லிக் கொடுப்பார்கள். இன்வாய்ஸோ கொட்டேஷனோ பார்க்க மேக்ரோ எதற்கு? அப்படிக் கேட்கும் கோப்பை மூடிவிடுங்கள்.

உங்கள் விவரம் மறைத்த வரிசை வழியாக வெளியே போயிருந்தால், முதலில் அனுப்பிய நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள்: என்னென்ன விவரம், யார் யாருக்குப் போனது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்? ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவது ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு எதிரானது; 1947 என்ற எண்ணில் புகார் சொல்லலாம், பயோமெட்ரிக்கைப் பூட்டியும் வைக்கலாம். வங்கி விவரம், மருத்துவ விவரம் போன்றவற்றை ஒரு நிறுவனம் அலட்சியமாகக் கையாண்டு உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டிருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் இழப்பீடு கோரலாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையானது. தரவு கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலுக்கு வருகின்றன. இந்த அவகாசம் தேவைக்கு மேல் நீளம் என்பது என் அபிப்பிராயம்.

பணமே போய்விட்டதென்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள். யாரோ ஒருவரின் பட்டியல் தவறுதலாக உங்களுக்கு வந்திருந்தால், ‘பாருங்கள், எப்படி அனுப்பியிருக்கிறார்கள்’ என்று இன்னொரு குழுவில் போடாமல், அனுப்பியவரைத் தனியாக அழைத்துச் சொல்லிவிட்டு உங்கள் நகலை அழித்துவிடுங்கள்.