சபைக்கு வெளியே விசுவாசம்: மெட்ராஸ் இரண்டு தடவை கேட்ட கேள்வி

எங்க மந்தைவெளித் தெருவில் ஒரு பாட்டி இருந்தாங்க. வீட்டுப் பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படம். வருஷா வருஷம் ஆகஸ்ட் 29 பெசன்ட் நகர் கோயில் கொடியேற்றத்துக்குப் போயிடுவாங்க. இதுவரைக்கும் சென்னையில் ஒரு அதிசயமும் இல்லை. ஆனா இவங்க மாசா மாசம் பக்கத்து வீடுகளில் நடக்கிற அன்பியக் கூட்டத்திலும் போய் உட்காருவாங்க. பல வருஷமா. திருமுழுக்கு மட்டும் வாங்கிக்கலை.

(தெரியாதவங்களுக்கு: கத்தோலிக்கப் பங்குகளில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களைச் சேர்த்து அமைக்கிற சின்னக் குழுதான் அன்பியம். வீடு மாத்தி வீடு கூடி, பைபிள் வாசிச்சு, ஜெபம் பண்ணி, கடைசியில் டீயும் சுண்டலும். புராட்டஸ்டன்ட் பக்கம் இதையே வீட்டு ஜெபக்கூட்டம்னு சொல்வாங்க.)

அவங்க இறந்தப்போ குடும்ப வழக்கப்படி எல்லாம் நடந்தது. அன்பியத்திலிருந்து நாலைந்து பெண்கள் மாலையோடு வந்து கேட் பக்கத்திலேயே நின்னாங்க. உள்ளே போய் ஜெபமாலை சொல்லலாமா, சொன்னா வீட்டுக்காரங்க தப்பா எடுத்துப்பாங்களான்னு அவங்களுக்குத் தெரியலை. மாலையைப் போட்டுட்டுத் திரும்பிட்டாங்க. இப்படி ஒருத்தர் சபைக்குள்ளேயா, வெளியேயா? சபையில் சேராமலே ஒருத்தர் கடவுளோடு தொடர்பில் இருந்துட முடியுமா?

தேடிப் பார்த்தா, இந்தக் கேள்வியை இதே ஊர் குறைஞ்சது இரண்டு தடவை ரொம்ப சீரியஸா கேட்டிருக்கு.

முதல் தடவை 1938. அந்த வருஷம் டிசம்பரில் தாம்பரத்தில், புதுசா இடம் மாறியிருந்த கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், அகில உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதுக்குச் சற்று முன்னால் மெட்ராஸில் ஒரு சின்ன வட்டம் 'ரீதிங்கிங் கிறிஸ்டியானிட்டி இன் இந்தியா'ன்னு ஒரு புத்தகம் கொண்டுவந்தது. அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருத்தர் பி. செஞ்சையா, வக்கீல், புதுக்கோட்டை சமஸ்தானத்தில் தலைமை நீதிபதியா இருந்தவர். இன்னொருத்தர் அவருடைய மைத்துனர் வி. சக்கரை, இவரும் வக்கீல், தொழிற்சங்கத் தலைவர், 1941-42ல் மெட்ராஸ் மேயர். இரண்டு பேருமே இந்துக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவங்க.

செஞ்சையாவின் வாதத்தை என் வார்த்தையில் சொன்னா: எங்களுக்குக் கிறிஸ்து வேணும், ஆனா ஐரோப்பாவில் வளர்ந்த சபை அமைப்பு, அதன் பதவிகள், சடங்குகள், சொத்துகள் எல்லாம் அவரோடு ஒட்டிக்கிட்டு வரணும்னு கட்டாயம் இல்லை. கிறிஸ்துவோடு நேரடி அனுபவம்தான் அடிப்படை. 1938ல் இதைச் சொல்ல நல்ல துணிச்சல் வேணும்.

ஆனா எனக்குச் சுவாரசியமா பட்டது வேற. இவ்வளவு சொன்னவங்க தனியா இருந்தாங்களா? இல்லவே இல்லை. கிறிஸ்தோ சமாஜம்னு ஒரு கூட்டம் அவங்களுக்கு இருந்தது. சேர்ந்தே எழுதினாங்க, சேர்ந்தே புத்தகம் போட்டாங்க, கிறிஸ்தவ ஆசிரமங்களைப் பத்தி 1941ல் இன்னொரு புத்தகமும் வந்தது. அமைப்பை வேண்டாம்னு சொல்றதுக்கே அவங்களுக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டிருக்கு!

இரண்டாவது தடவை 1980கள். கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய ஹெர்பர்ட் ஹோஃபர் என்ற அமெரிக்கர், இயேசுவையே வணங்கி ஆனா ஞானஸ்நானம் எடுக்காம இருக்கிறவங்களைத் தேடிப் போனார். கிராமங்களில் நேரில் பேசினார், மெட்ராஸ் நகரத்தில் சர்வே எடுத்தார். 'சர்ச்லெஸ் கிறிஸ்டியானிட்டி'ங்கிற புத்தகம் 1991ல் வந்தது. செஞ்சையா வக்கீலா வாதாடினதுக்கு இவர் ஆட்களையே சாட்சியா கூட்டிட்டு வந்தார்னு சொல்லலாம். அந்த ஆட்களில் நிறைய பேர் பெண்கள்.

ஏன் சேரலை? விசுவாசம் குறைச்சல்னு நினைக்கிறது மேலோட்டமான பதில். ஞானஸ்நானம் நம்ம ஊரில் ஜாதி மாறுறது மாதிரி, குடும்பத்தை விட்டுப் போறது மாதிரி பார்க்கப்படுது. கல்யாண வயசில் பொண்ணு இருக்கும்போது ஒரு அம்மா எப்படி அந்த அடி எடுத்து வைப்பாங்க?

சட்டமும் இருக்கு. 1950ல் வந்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்திப்படி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வர முடியாது. 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தாங்க. கிறிஸ்தவரானா அந்த அந்தஸ்து போயிடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாத்திடுவாங்க. பிள்ளையோட சீட், வேலை எல்லாம் அதில் தொங்குது. ஆக, சர்ச் பதிவேட்டில் போடுற ஒரு கையெழுத்து, தாலுகா ஆபீஸ் வரைக்கும் போய்ச் சேரும். இதைச் சேர்க்காம "ஏன் வெளியே நிக்கறீங்க"ன்னு கேட்கிறது நியாயமா எனக்குத் தோணலை.

ஹோஃபர் புத்தகத்தின் தலைப்போடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கட்டிடமும் பதிவேடும் இல்லாத விசுவாசத்தைக் காட்டுகிறார், சரி. ஆனா எங்க பாட்டி மாதிரி ஆளுங்க துணையில்லாம ஒண்டியா நம்பலையே. யாரோ பக்கத்து வீட்டுக்காரங்க முதல்ல ஜெபம் பண்ணியிருப்பாங்க, யாரோ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க.

தமிழ் பைபிளில் இதுக்கு ஒரு சொல் இருக்கு: ஐக்கியம். கிரேக்கத்தில் கொயினோனியா. யோவானின் முதல் நிருபம் முதல் அதிகாரத்தைப் பாருங்க. விசுவாசிகள் தங்களுக்குள் வைக்கிற உறவுக்கும், பிதாவோடு இருக்கிற உறவுக்கும் ஒரே சொல்தான், அதுவும் ஒரே வசனத்தில்! கடவுள் தொடர்பு ஒரு லைன், மனுஷத் தொடர்பு தனி லைன்னு அவர் பிரிக்கவே இல்லை.

நடைமுறையில் இது ரொம்பச் சாதாரணமா தெரியும். நமக்கு ஜெபம் வராத நாளில் இன்னொருத்தர் நம்ம பேரைச் சொல்லிக் கேட்கிறது. ஆஸ்பத்திரிக்கு கஞ்சி வருவது. இரண்டு மாசம் காணோம்னா யாரோ கதவைத் தட்டுவது. பாட்டிக்கு இதெல்லாம் கிடைச்சது. கிடைக்காதது சாவு வீட்டில்தான். உயிரோடு இருக்கும்போது கூட்டம் அவங்களை உள்ளே வெச்சிருந்தது. இறந்த பிறகு எந்த ஊர் ஆள்னு முடிவு பண்ணினது குடும்பம். குடும்பத்தையும் குறை சொல்ல முடியாது, அவங்களுக்கும் அம்மா அவங்கதானே.

பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தரைக் கடைத்தெருவில் பார்த்தேன். நவம்பர் 2 கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவங்க பேரை எழுதிக் கொடுக்கிற சீட்டில் பாட்டி பேரையும் எழுதினாங்களாம். சீட்டில் திருமுழுக்குப் பேருக்குன்னு தனிக் கட்டம் எதுவும் இல்லைன்னு சொல்லிச் சிரிச்சாங்க.