சண்டை ஆளிடமா, ஏற்பாட்டிலா?

அமெரிக்காவில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று உடையும் நிலைக்குப் போனது. பால் நிலையத்து மேடையில் கேன்களை யார் முதலில் இறக்குவது என்பதுதான் தகராறு. நிலையம் சரிவில் இருந்தது. மேட்டிலிருந்து வருகிறவர்கள் தங்களுக்கே முன்னுரிமை என்றார்கள். கீழிருந்து ஏறி வருகிறவர்களும் அதையே சொன்னார்கள். வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், மேடையின் இடத்தையே மாற்றி இரு தரப்பும் ஒரே நேரத்தில் இறக்கலாம் என்றார். இரு தரப்பினரும் ஒப்புக்கொண்டார்கள்.

நிர்வாகச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் (1868–1933) தமது 1925ஆம் ஆண்டு உரையில் சொன்ன நிகழ்ச்சி இது. சண்டை முடிய மூன்று வழிகள் உண்டு என்றார் அவர். ஒருவர் மற்றவரை அடக்கிவிடலாம்; ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்; அல்லது இருவர் தேவையும் நிறைவேறும் புது வழியைக் காணலாம். முதல் இரண்டிலும் யாருக்காவது மனக்குறை தங்கிவிடும். அதனால் அதே பிரச்சினை வேறு உருவில் திரும்ப வரும்.

கோரிக்கைக்குப் பின்னால் இருப்பது

ஒரு மருத்துவமனை வார்டை எடுத்துக்கொள்வோம். இரவு டியூட்டி நர்ஸ் காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டும். பகல் டியூட்டிக்காரர் சரியாக 7 மணிக்கு வருகிறார். ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் சொல்லி ஒப்படைக்க அரை மணி நேரம் பிடிக்கிறது. முன்னவர் பஸ்ஸைத் தவறவிடுகிறார். ‘வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாள்’ என்கிறார் ஒருவர். ‘அரைகுறையாகச் சொல்லிவிட்டு ஓடப் பார்க்கிறாள்’ என்கிறார் மற்றவர். உண்மையில், ஒப்படைப்புக்கென்று டியூட்டி பட்டியலில் நேரமே ஒதுக்கப்படவில்லை. ஆள் மாறியும் அதே சண்டை தொடர்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் ஏற்பாட்டில்தான் இருக்கும்.

ஆகவே பேசும்போது குணத்தை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்றால் எதிராளி தன்னைக் காத்துக்கொள்ளவே பார்ப்பார். “அக்கா, இந்த வாரம் மூணு நாள் பஸ்ஸை விட்டுட்டேன். ஒப்படைக்கிறதை எப்படிச் சீக்கிரம் முடிக்கலாம்?” என்றால் பேச்சு வேலையைப் பற்றிப் போகும். இதை நேரில், தனியாகச் சொல்வது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் பத்துப் பேர் பார்க்க யாரும் இறங்கி வரமாட்டார்கள்.

மேற்பார்வையாளர் செய்ய வேண்டியது

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்பது தீர்வு ஆகாது. கடைசியில் அட்ஜஸ்ட் செய்கிறவர் பெரும்பாலும் இளையவரோ ஒப்பந்தப் பணியாளரோதான். இருவரையும் தனித்தனியே கேளுங்கள். என்ன கேட்கிறார் என்பதோடு, ஏன் கேட்கிறார் என்பதையும் கேளுங்கள். பிறகு ஒன்றாக உட்காரவைத்து முடிவை எழுதிவையுங்கள். சில வாரம் கழித்து அது நடக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் புது வழி கிடைக்காது என்று ஃபாலெட்டே ஒப்புக்கொண்டார். பதவி உயர்வு ஒன்று, தகுதியானவர்கள் இருவர் என்றால் ஒருவருக்கு ஏமாற்றம்தான். அங்கே உதவுவது முன்கூட்டியே அறிவித்த விதி. தீபாவளி விடுப்பும் அப்படித்தான்: இந்த ஆண்டு வேலை பார்த்தவருக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை என்று முதலிலேயே சொல்லிவிட்டால் முணுமுணுப்பு குறையும்.

பேசித் தீர்க்கக் கூடாதவை

பாலியல் தொல்லையைக் கருத்து வேறுபாடாக எண்ணிச் சமரசம் பேச மேலாளருக்கு உரிமை இல்லை. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். புகார் செய்தவரே கேட்டால்தான், அதுவும் விசாரணைக்கு முன், சமரசம் பேசலாம். பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

தொழிலாளர்களின் பிற தனிப்பட்ட குறைகளுக்கு, 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்தில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு. அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் உண்டு. எந்தக் குழுவுக்குப் போனாலும் கைகொடுப்பவை தேதி, நேரம், நடந்தது, உடனிருந்தவர் பெயர் ஆகியவையே. அவற்றை அன்றன்றே குறித்து வையுங்கள்.