வந்து மறையும் வாதம்

தறியில் அமர்ந்திருப்பவரின் ஒரு கை திடீரென வலுவிழக்கிறது. வரப்பில் நிற்பவரின் நாக் குழறுகிறது. கால் மணி நேரத்தில் யாவும் சரியாகிவிடுகின்றன. "பித்தமாயிருக்கும்" என்று வீட்டார் சொல்ல, அவரும் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். இச்சமாதானம் பேரபாயத்துக்கு வழிகோலுவது என்பதை அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் சிறிது நேரம் அடைபட்டு, மீண்டும் திறந்துகொள்வதால் இது நேருகிறது. இதனைத் தற்காலிகப் பக்கவாதம் எனலாம். அறிகுறி மறைந்தாலும் அடைப்புக்குரிய காரணம் உடலிலேயே தங்கியிருக்கக்கூடும். முழுப் பக்கவாதம் தாக்கும் அபாயம் அடுத்த இரண்டொரு நாட்களில்தான் மிகுதி.

இவ்வபாயத்தை அளந்தறிய, கலிபோர்னியாவையும் ஆக்ஸ்போர்டையும் சார்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது 60 அல்லது அதற்கு மேலாயின் 1. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேலாயின் 1. உடலின் ஒரு பக்கம் வலுவிழந்தால் 2, வலுவிழப்பின்றிப் பேச்சு மட்டும் தடுமாறினால் 1. அறிகுறி 10 நிமிஷம் முதல் 59 நிமிஷம் வரை நீடித்தால் 1, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நீடித்தால் 2. நீரிழிவு இருப்பின் 1. ஆக மொத்தம் 7.

அவர்களது கணக்கின்படி, இரண்டு நாட்களுக்குள் பக்கவாதம் கண்டோர், 3 வரை பெற்றவர்களில் நூற்றுக்கு 1. 4, 5 பெற்றவர்களில் நூற்றுக்கு 4. 6, 7 பெற்றவர்களில் நூற்றுக்கு 8. 62 வயதான ஒருவருக்கு அழுத்தம் 150/95 இருந்து, ஒரு கை கால் மணி நேரம் ஓய்ந்துபோயிருந்தால், நீரிழிவு இல்லாவிடினும் அவருக்கு 5 மதிப்பெண் ஆகிறது.

எனினும், மதிப்பெண் குறைவென்று எவரும் வாளாவிருத்தல் கூடாது. கழுத்துக் குழாயின் சுருக்கமும், ஒழுங்கற்ற இருதயத் துடிப்பும் இக்கணக்கில் சேர்வதில்லை. ஆகவேதான், அவசரத்தை மதிப்பெண் கொண்டு தீர்மானிக்கலாகாது என்று இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2019-இல் அறிவித்தது. உடனடிச் சிகிச்சையின் பயனோ பெரிது. ஆக்ஸ்போர்டில் நடைபெற்று 2007-இல் வெளியான ஆய்வில், தற்காலிகப் பக்கவாதமோ இலேசான பக்கவாதமோ கண்டவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கியபோது, 90 நாட்களுக்குள் மீண்டும் தாக்கும் அபாயம் நூற்றுக்குப் பத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது.

நாம் வேண்டுவது இதுவே: அறிகுறி மறைந்துவிட்டாலும் அன்றைய தினமே, மூளையை ஸ்கேன் செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்க. அறிகுறி நீடிக்குமாயின் 108-க்குத் தெரிவிக்கக் கணமும் தாமதியாதீர். அது தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் கூறுக. இரத்தக் கசிவாலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றலாமாதலின், வைத்தியர் சொல்லாமல் ஆஸ்பிரின் முதலிய மாத்திரைகளை உட்கொள்ள வேண்டாம்.

ஒரு நாள் கூலி போயின், மறுநாள் ஈட்டிக்கொள்ளலாம். நெய்யும் கையும் உழும் கையும் போயின், குடும்பமே தளர்ந்துவிடும். பக்கத்துத் தறிக்காரருக்கு இது நேரக் கண்டால், அவர் மறுத்தாலும் நயமாக எடுத்துரைத்து அழைத்துச் செல்லுதல் நம் கடமையாகும்.