தாழ்ந்தோடும் காருக்குத் தக்க வில்

விரைந்தோடும் சிறிய மோட்டார் வண்டியொன்றைக் கண்டால், அதனை இன்னுஞ் சிறிது தாழ்த்திவிட்டால் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று எண்ணாத இளைஞர் அரியர். சில்லுக்கும் அதன் மேலுள்ள மட்காட்டுக்கும் இடையே நாலு விரல் வெளி தெரிவது அவர்தம் கண்ணை உறுத்துகின்றது. அக்குறையைத் தீர்க்கவென்றே குட்டையான சுருள்விற்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. கராஜ்காரர் இவற்றை 'லோவரிங் ஸ்பிறிங்' என்பர். விளம்பரத்திற் பெரிய எழுத்திற் காணப்படுவது, வண்டி எத்தனை மில்லிமீற்றர் இறங்கும் என்னும் ஒரேயொரு கணக்கேயாகும். வாங்குவோன் கேட்கவேண்டிய கேள்வியோ வேறு. இறங்கிய பின்னர், சில்லு மேலெழுவதற்கு எவ்வளவு வழி மிஞ்சும் என்பதே அது.

வில் வண்டியைத் தாங்கி நிற்கும் வெறுந் தூண் அன்று. வீதியின் மேடுபள்ளத்தைத் தான் ஏற்று, சில்லை நிலத்தோடு ஒட்டியிருக்கச் செய்வது அதன் தலையாய பணி. சுமை இருமடங்கானால் அமுக்கமும் இருமடங்காகும் என்ற விதியை றொபேட் ஹூக் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1678ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விதி இன்றும் சுருள்வில்லை ஆள்கின்றது. ஆனால் வில்லின் கடினத்தைக் கண்ணால் அளக்கவியலாது. கம்பியின் தடிப்புக் கூடக்கூட, கடினம் அதன் நான்காம் அடுக்குப்படி ஏறும். ஏனைய அளவுகள் மாறாதிருக்க, 12 மில்லிமீற்றர்க் கம்பியை 13 மில்லிமீற்றர் ஆக்கினால், வில் ஏறக்குறைய நூற்றுக்கு 38 பங்கு கடினமாகிவிடுகின்றது. அருகருகே வைத்தால் ஒன்றுபோலத் தோன்றும் இரு விற்கள் வீதியில் முற்றும் வேறான குணங் காட்டுவது இதனாலேதான்.

ஜப்பானிய மஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்.-5 என்னும் இருவர் செல்லும் திறந்த காரை எடுத்துக்கொள்வோம். 1989இல் சிக்காகோக் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்ட இவ்வண்டி, 2016ஆம் ஆண்டளவிற் பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டியது. முதலில் வந்த வண்டியின் நிறை ஆயிரம் கிலோகிராமுக்குட்பட்டது. அதன் ஒவ்வொரு சில்லையும் மேலொன்றும் கீழொன்றுமாக இரு கைகள் பிடித்திருக்கின்றன. வில்லின் நடுவே, கராஜ்காரர் 'ஷொக் அப்சோபர்' எனும் அதிர்வடக்கி நிற்கின்றது. அதன் தண்டிலே, சில்லு எல்லைமீறி மேலெழாவண்ணம் மெத்தென்ற தடுப்பொன்று கோக்கப்பட்டிருக்கும். இவ்வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் நிலையிலேயே இத்தடுப்புக்கும் அடக்கிக்கும் இடையே உள்ள வெளி குறைவு. வளைவிற் சாயும்போது தடுப்பை ஓரளவு சார்ந்தே ஓடுகின்றது. இத்தகைய வண்டியை மேலுந் தாழ்த்த முனைபவர் இருப்பதிலே கொஞ்சத்தைச் செலவிடுகிறார் என்பதை உணரவேண்டும்.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு காரின் சில்லு மேலெழ 80 மில்லிமீற்றர் வழியுண்டெனக் கொள்வோம். அதனை 20 மில்லிமீற்றர் தாழ்த்தினால் எஞ்சுவது 60. முன்பு 80 மில்லிமீற்றரில் ஏற்ற அதே மோதலை இப்போது 60இல் ஏற்கவேண்டுமாயின், வில் நூற்றுக்கு 78 பங்கு கடினமாதல் வேண்டும். கடைகளில் விற்கப்படும் தாழ்த்தும் விற்களிற் பெரும்பாலானவை அவ்வளவு கடினமாகச் செய்யப்படுவதில்லை. செய்தால், வாங்கியவர் ஒரு வாரத்துக்குள் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைக்குத் திரும்புவார்! ஆகவே எஞ்சிய மோதலைத் தடுப்பே ஏற்கின்றது. நேர் வீதியில் இஃது ஓர் இடிச் சத்தத்தோடு முடியலாம். மழையில் நனைந்த வளைவிலோ நிலைமை வேறு. பின்புறத்து வெளிச்சில்லு தடுப்பில் முட்டிய கணமே, அம்மூலையின் கடினம் பன்மடங்காகி, ரயரின் மீது திடீரெனப் பாரம் ஏறுகின்றது. ரயர் பிடியை இழக்க, வண்டியின் வால் வெளியே வீசப்படுகின்றது. ஓட்டுபவருக்கு முன்னறிவிப்பு எதுவுங் கிடைப்பதில்லை.

இத்தனை விலை கொடுத்துப் பெறும் நன்மை எவ்வளவு? வண்டியின் புவியீர்ப்பு மையம் நிலத்திலிருந்து 50 சென்றிமீற்றர் உயரத்தில் இருப்பின், 25 மில்லிமீற்றர் தாழ்த்துவதால் அது இருபதில் ஒரு பங்கு இறங்கும். வளைவில் ஒரு பக்கத்துச் சில்லுகளிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும் பாரமும் அவ்வளவே குறையும். நன்மைதான், ஆயினும் சிறியது. இன்னொரு நுட்பமும் உண்டு. வண்டி சாயும்போது, கைகளின் சாய்வினால் அமையும் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றியே சாய்கின்றது. வண்டியைத் தாழ்த்தினால் அப்புள்ளியும் இறங்கும். பல வண்டிகளில் உடலைக் காட்டிலும் அதிகமாகவே இறங்கும். 2012இல் வெளிவந்த டொயோட்டா 86 போன்று முன்புறத்தில் மக்பேர்சன் தண்டு பொருத்திய வண்டிகளில் இது முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. கீழ்க்கை சில்லை நோக்கி மேற்சாயும் அளவுக்குத் தாழ்த்திவிட்டால், தாழ்ந்த வண்டி முன்னிலும் அதிகமாகச் சாய முற்படும் விந்தையைக் காணலாம்.

அதிர்வடக்கியை மறந்துவிட்டு வில்லை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலையாகும். வில் நூற்றுக்கு 40 பங்கு கடினமானால், அதன் துள்ளலை முன்போல அடக்க, அடக்கியின் வலிமை ஏறக்குறைய 18 பங்கு கூடவேண்டும். பழைய அடக்கியால் இஃது இயலாது. தேய்ந்த அடக்கியெனின் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டுக்கும் பணமில்லாதவர் முதலிற் புதிய அடக்கிகளை வாங்கி, வில்லைப் பின்னர் பார்த்துக்கொள்வதே மேல்.

முன்னும் பின்னும் உள்ள விற்களின் பொருத்தமும் எண்ணத்தக்கது. 1930களில் அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தில் ஆராய்ந்த மொறிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளர், பின்புறம் முன்புறத்தினும் சற்று விரைவாக அசையவேண்டும் என்று கண்டார். மேட்டை முதலில் ஏறுவது முன்சில்லு. எம்.எக்ஸ்.-5இன் முதல் வண்டியிற் சில்லுகளின் இடைத்தூரம் 2,265 மில்லிமீற்றர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் பின்சில்லு அம்மேட்டை ஏழிலொரு செக்கன் கழித்தே அடைகின்றது. பிந்தித் தொடங்கும் பின்புறம் விரைந்து அசைந்தால் முன்புறத்தை எட்டிப்பிடிக்கும். வண்டி தொட்டில்போல முன்பின்னாக ஆடாது. ஆதலின் நான்கு விற்களையும் ஒரே தொகுதியாக, அவ்வண்டிக்கென்றே செய்தவையாக வாங்கவேண்டும்.

வில்லை வாங்காமல், இருக்கும் வில்லில் ஒரு சுற்றை வெட்டிவிடும் சிக்கனக்காரரும் உளர். இயங்கும் சுற்றுகள் எட்டில் ஒன்றை வெட்டினால் வில் நூற்றுக்கு 14 பங்கு கடினமாகும் என்பது மெய்யே. ஆனால் முனை தட்டையாக இருந்த வில்லை வெட்டியபின் அது தன் இருக்கையிற் சரிவரப் பொருந்தாது. தீயிற் காய்ச்சிச் சுருங்கச் செய்வது அதனினுங் கேடு. உருக்கின் பதமே கெட்டுவிடும். குட்டையான எந்த வில்லுக்கும் ஒரு சோதனை உண்டு. வண்டியை ஜாக்கியால் உயர்த்திச் சில்லைத் தொங்கவிட்டபோதும் வில் இருக்கையில் இறுகி நிற்கவேண்டும். கையாற் சுழற்றக்கூடியதாயின் அந்த வில் வேண்டாம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. ஜப்பானில் வண்டியின் அடிப்பாகம் நிலத்துக்கு மேல் 9 சென்றிமீற்றராவது இருத்தல் வேண்டும் என்பது விதி. ஜேர்மனியில் சான்றிதழுள்ள வில்லையே பொருத்தலாம். ஆகவே அன்றாடம் வீதியில் ஓடும் காருக்கு 20, 25 மில்லிமீற்றருக்கு மேல் ஆசைப்படாதிருப்பது நன்று.

பொருத்தும்போது கைகளின் இறப்பர்ப் புதையங்களைப் பிடிக்கும் ஆணிகளை, சில்லுகள் தொங்கும் நிலையில் முடுக்கலாகாது. வண்டியை நிலத்தில் இறக்கி, அதன் நிறை சில்லுகளில் தங்கிய பின்னரே முடுக்கவேண்டும். இன்றேல் இறப்பர் எப்போதும் முறுகிய நிலையில் இருந்து விரைவிற் கிழியும். புதிய விற்கள் சில கிழமை ஓடியபின் இன்னுஞ் சிறிது அமரும். அதன்பின் நான்கு சில்லுகளின் சாய்வையும் நேரையும் கராஜில் அளந்து திருத்திக்கொள்ள வேண்டும். திருத்தாது ஓடினால் ரயர்களின் உட்புற விளிம்பு, வெளியே நிற்போர் கண்ணுக்குத் தெரியாமலே, கம்பி தெரியும்வரை தேய்ந்துபோகும்.